நான்கு கொக்கிகளும் வெளிப்பக்கம்

போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, பாதி வளைவுகள் தாண்டிய பிறகுதான் அந்தச் சத்தம் காதில் சரியாக விழுந்தது. டொக். டொக் டொக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி டொக்.

மத்தியானம் மூன்று மணிதான் இருக்கும். மூடுபனி இறங்கி, வண்டிக்கு முன்னால் பத்தடி ரோடு மட்டும் தெரிந்தது. மழைத் தண்ணீர் மலைப்பக்கமிருந்து செம்மண்ணோடு குறுக்கே ஓடியது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கண்ணாடியைத் துடைக்க. காது மட்டும் பின்னால்.

பின்னால் இருந்தது என் பெட்டி வீடு. பிக்கப் வண்டியின் முதுகில் நானே செய்து ஏற்றியது. கூரையை மேலே தூக்கினால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மடக்கி இறக்கினால் இடுப்பு உயரப் பெட்டி. அன்று மடக்கி, நான்கு மூலையிலும் கொக்கி மாட்டி, குறுக்கே கயிறும் போட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

குடம் உருள்கிறதா? அடுப்பு நழுவிவிட்டதா? வெல்டிங் விட்டுப்போய் இரும்புச் சட்டம் அடிக்கிறதா? அப்படியென்றால் அடுத்த வளைவில் பெட்டி தனியாகக் கழன்று பள்ளத்தில் போகுமா? என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு ஒரு சத்தம் போதும், பத்துக் காரணம் தானாக வரும். அன்று பத்தும் வந்தன. பதினொன்றாவது வரவில்லை.

பின்னால் ஒரு ஜீப் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. விடாமல் ஹாரன். ஒதுங்கினேன். அது என்னைத் தாண்டாமல் குறுக்கே வந்து நின்றது. இறங்கி ஓடி வந்தவன் தங்கப்பாண்டி, என் மனைவி செல்வியின் தம்பி.

"மச்சான், அக்கா ஒங்ககூடத்தான வருது?"

"ஒன் ஜீப்புல வர்றேன்னு சொல்லிட்டுத்தானடா போனா."

இரண்டு பேரும் மழையில் நின்றோம். அவன் பெட்டியின் பின்பக்க இடது மூலையைக் கை காட்டினான். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து. அதன் வழியாக ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தாள், மழைக்குப் பெண்கள் தலையில் போட்டுக்கொள்வது, கொஞ்சமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசைந்தது.

ஜீப்புக்குப் பயந்தவன்

இந்தப் பெட்டியை ஏன் செய்தேன் என்று சொல்லாவிட்டால், மேற்கொண்டு எழுத எனக்கே தெம்பு வராது.

எங்கள் போடியில் விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கிளம்பும். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே எத்தனை பேர், பின்னால் தொங்குவது எத்தனை பேர் என்று எண்ண நான் ஒருநாளும் துணிந்ததில்லை. செல்வி காய் எடுக்கப் போகும் நாளெல்லாம், சாயங்காலம் ஜீப் திரும்பும் வரை எனக்குச் சோறு இறங்காது. பத்து நிமிடம் தாமதமானால் மலையடிவாரத்து முந்தல் பக்கம் போய் நின்றுகொள்வேன். தூரத்து வளைவில் விளக்கு தெரிந்ததும், தற்செயலாக வந்தவன் போலத் திரும்பிவிடுவேன்.

அந்த ஜீப்பை ஓட்டுவது தங்கப்பாண்டி என்பதுதான் சங்கடம். நான் பயப்படுவது அவனுக்குப் பட்ட அடி. "எங்கக்காவ நான் பள்ளத்துல தள்ளிருவேன்னு நெனைக்கிறாரு மச்சான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

தோட்டத்திலேயே தங்கிவிடலாம் என்றால் கூலிக்காரர்களின் லய வீடுகளில் இடம் கிடையாது. இப்போது அங்கே வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு அறையை நான்கு பேர் பங்கு போடுகிறார்கள்.

ஒருநாள் போடிமெட்டில் டீ குடிக்கும்போது ஒரு வண்டியைப் பார்த்தேன். வெளியூர்த் தம்பதி. ரோட்டோரம் நிறுத்தி, அந்தப் பெண் எதையோ தள்ள, வண்டியின் கூரை தானாக எழுந்தது. நான் டீக் கிளாஸோடு அதை மூன்று தடவை சுற்றி வந்தேன். திருடன் என்று நினைத்தார்களோ என்னவோ, பிறகு அவர்களே கூப்பிட்டு உள்ளே காட்டினார்கள். படுக்கை, அடுப்பு, சின்ன விளக்கு. வீட்டுக்கு வரும் வரை எல்லாவற்றையும் மனசில் அளந்துகொண்டு வந்தேன்.

காய் எடுப்பு ஒரு சுற்று நாலைந்து நாள். அந்த நாட்களில் தோட்டத்து ஓரமே நம் வண்டியில் தங்கிவிட்டால் செல்வி தினமும் மலை ஏறி இறங்க வேண்டாம். சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் சொன்னதை நான் மறக்கவில்லை.

"ஒரே ஒரு சுத்து வர்றேன். புடிக்கலேன்னா நான் பாட்டுக்கு ஜீப்புல போவேன். அப்புறம் நீங்க முந்தல்ல போயி நிக்கக் கூடாது."

அதுதான் ஒப்பந்தம். ஒரே ஒரு சுற்று.

மூன்று தடவை பார்க்கிறவன்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மண்டையில் ஏறாததால் நிற்கவில்லை. பரீட்சையில் முதல் கணக்கைப் போட்டுவிட்டு, சரியா என்று திரும்பிப் பார்ப்பேன். சரியாக இருக்கும். இருந்தாலும் இன்னொரு தடவை. மணி அடிக்கும்போது மற்ற கேள்விகள் வெள்ளைத்தாளாக இருக்கும். வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, பையன் முதல் கணக்கில் கெட்டிக்காரன் என்றார்.

பிறகு லோடு கட்டும் வேலை. அங்கே இந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. நான் கட்டிய லோடு வழியில் சரிந்ததில்லை. மிளகு மூட்டை, ஏலக்காய் மூட்டை, எலுமிச்சைக் கூடை எல்லாம் கட்டியிருக்கிறேன். படுதா போட்டு, கயிறு இழுத்து, முடிச்சுப் போட்டு, வண்டியைச் சுற்றி மூன்று முறை நடப்பேன். முதல் சுற்றில் கண்ணால், இரண்டாவதில் கையால், மூன்றாவதில் சும்மா. அந்த மூன்றாவது சுற்று இல்லாமல் எனக்கு மூச்சு சீராகாது.

இருபது வருடம் அந்த வேலை. கொக்கி, கயிறு, கொண்டி எல்லாமே வெளியே நின்று பூட்டுவது. மூட்டை உள்ளேயிருந்து கதவைத் திறக்கப் போவதில்லை.

பெட்டி எழுந்த விதம்

சதுர இரும்புக் குழாயில் சட்டம் அடித்தேன். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், அதன்மேல் வெள்ளைப் பெயின்ட். கூரையைத் தூக்க, கார்களின் டிக்கியைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த ஷாக் நான்கு, காயலான் கடையில் பொறுக்கியது. கூரை எழுந்தால் நாலு பக்கமும் விரியும்படி ஜீப் ஹூட் துணி. துணியில் இரண்டு ஜன்னல். கூரையை இறக்கிப் பிடிக்க, மூலைக்கு ஒன்றாகப் பழைய ஜீப் பானட் கொக்கி. பின்கதவுக்கு ஒரு கொண்டி.

மலைமழைக்குப் பயந்து, எங்கெல்லாம் சந்து கண்டேனோ அங்கெல்லாம் ரப்பர் ஒட்டினேன். வாளியில் தண்ணீர் மோந்து மோந்து ஊற்றிப் பார்த்தேன். செல்வி உள்ளே உட்கார்ந்து, "இங்க ஒழுகல, இங்கயும் ஒழுகல" என்று சொல்ல வேண்டும். அது ஒருவாரம் நடந்தது. கடைசியில் பின்பக்க இடது மூலை மட்டும் சரிவரவில்லை. கூரை அங்கே உட்கார மறுத்தது. சட்டம் அடித்தபோது எங்கோ ஒரு நூல் பிசகியிருக்கிறது. இரண்டு விரல் சந்து. கூரையை வெட்டி மறுபடி அடிக்கிறேன் என்றேன்.

"பெட்டின்னா கொஞ்சம் காத்து வேணும், விடுங்க" என்றாள் செல்வி.

தங்கப்பாண்டி வந்து பார்த்தான். சுற்றி வந்து, கொக்கியை ஆட்டிப் பார்த்து, சிரித்தான். "வீடு கட்டச் சொன்னா லோடு கட்டிருக்கீங்களே மச்சான். அக்கா எத்தன கிலோன்னு எழுதிப் போடுங்க."

செல்வி சிரிக்கவில்லை. அவள் கொண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத உள்ள இருந்து எப்படித் தொறக்குறது?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. கூரை எழுந்திருக்கும்போது ஜன்னல் துணியை விலக்கி, கையை வெளியே விட்டுக் கொண்டியை எடுத்துவிடலாம். ராத்திரி உள்பக்கம் ஒரு கயிறு கட்டிக்கொண்டால் போதும். கூரை இறங்கியிருக்கும்போது? "அப்ப வண்டி ஓடிக்கிட்டிருக்கும். ஓடுற வண்டில உள்ள யாரு இருக்கப் போறா?"

எனக்கு அன்று அது பெரிய பதிலாகத் தெரிந்தது.

மூன்றாவது சுற்று

தோட்டத்து ஓரம் நான்கு நாள் இருந்தோம். நல்ல நாட்கள் என்றே சொல்ல வேண்டும். காலையில் கூரையைத் தூக்கினால், நிமிர்ந்து நின்று தலைவாருவாள். ஏலச்செடி வாசமும் ஈர மண் வாசமும் ஜன்னல் துணி வழியாக வரும். காய் எடுத்துவிட்டு வருபவளின் விரலெல்லாம் கறுப்பாகப் பிசுபிசுத்திருக்கும். அந்தக் கறை சோப்புக்கு அசையாது. வெள்ளைப் பெயின்டில் கைபடாமல் பார்த்துக்கொள் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை, அவள் பார்த்த பார்வையில்.

நான்காம் நாள் மத்தியானம் சுற்று முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. தங்கப்பாண்டியின் ஜீப் பெண்களை ஏற்ற வந்து நின்றது. செல்வி என்னிடம் வந்து, எல்லாரோடும் பேசிக்கொண்டு ஜீப்பிலேயே வருவதாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவளை ஜீப்பில் ஏற்றக் கூடாது என்றுதானே இத்தனையும். ஆனாலும் நல்லபடியாக நான்கு நாள் போன பிறகு சண்டை வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் போன், சார்ஜ் ஏறட்டும் என்று என் கேபினில் கிடந்தது.

கூரையை இறக்கினேன். கொக்கிகளை மாட்டினேன். கதவைச் சாத்தினேன். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. பிறகு தோட்டத்து ஆளிடம் சொல்லிக்கொள்ள, ஷெட்டுப் பக்கம் போனேன்.

அந்த நேரத்தில்தான் அவள் திரும்பி வந்திருக்கிறாள். மழைத்தாளையும் சாப்பாட்டுத் தூக்கையும் உள்ளே விட்டுவிட்டாள். கதவைத் திறந்து, குனிந்து உள்ளே போய், படுக்கைப் பலகைக்கு அடியில் தவழ்ந்து துழாவியிருக்கிறாள். தங்கப்பாண்டி தூரத்திலிருந்து அவள் என் வண்டிப் பக்கம் போவதைப் பார்த்தான். அக்கா மனசு மாறி மச்சானோடு போகிறது என்று கிளட்சை விட்டுவிட்டான். வழியில் இன்னொரு தோட்டத்திலும் ஆள் ஏற்ற நின்றதில் என் வண்டிக்குப் பின்னால் ஆகிவிட்டான்.

நான் மூன்றாவது சுற்றுக்கு வந்தேன். கதவு விரல் அளவு திறந்திருந்தது. பார்த்தாயா, இரண்டு தடவை பார்த்தும் விட்டுவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டு, அழுத்திச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். மனசு ஆறாமல், குறுக்கே நைலான் கயிறும் போட்டு லோடுக்காரன் முடிச்சுப் போட்டேன். தகட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் ஒட்டியதெல்லாம் நான். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

மெட்டில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கொட்டும் மழையில் குடை பிடித்த ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்ன இது, பெட்டி? உள்ள யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க. பாய், பாத்திரந்தான்."

அவர் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, போ என்று கை காட்டினார். உள்ளே ஏதோ உருண்ட மாதிரி ஒரு சத்தம். குடத்தைக் கட்டாமல் வந்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது கேபினில் அவள் போன் கண்ணில் பட்டது. ஐயோ, ஜீப்பில் ஏதாவது ஆனால் எப்படிச் சொல்வாள் என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

முடிச்சு

இனி அந்த வளைவுக்கு வருகிறேன்.

மஞ்சள் தாள் அசைந்ததும் தங்கப்பாண்டி "அக்கா" என்றான். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது, மெதுவாக.

நான் கயிற்றின் மேல் பாய்ந்தேன். நனைந்த நைலான். இருபது வருடம் எந்த லோடையும் சரியவிடாத முடிச்சு. மழையில் ஊறி, வண்டி குலுங்கிக் குலுங்கி இறுகி, கல்லாகிவிட்டது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தேன். பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. முடிச்சின் எந்த இழை மேலே, எது கீழே என்பது எனக்கு மறந்துபோனது. நானே போட்ட முடிச்சு.

"தள்ளுங்க மச்சான்."

அவன் ஜீப்பிலிருந்து அரிவாள் கொண்டு வந்திருந்தான். கயிறு இரண்டு வெட்டில் போனது. கொண்டியை எடுத்தேன்.

அவள் கதவை ஒட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் அந்த மூலைச் சந்தை நோக்கி இருந்தது. மூச்சுக்கு அந்த இரண்டு விரல் இடம்தான் என்று பிறகு சொன்னாள். பத்து வளைவிலும் உருண்டதில் நெற்றி புடைத்திருந்தது. இறங்கினாள். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். தண்ணீரை வாங்கி முகத்தில் ஊற்றினாள், குடிக்கவில்லை. அழவும் இல்லை.

நான் என்னென்னவோ சொன்னேன். கதவு திறந்திருந்தது, நீ ஜீப்பில் என்று நினைத்தேன், மழைச் சத்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உள்ள யாரும் இருக்காங்களான்னு அவரு கேட்டாரு. யாரும் இல்லேன்னு சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

பிறகு எழுந்து போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அவர்கள் முன்னால் போக, நான் காலி வண்டியோடு பின்னால் போனேன். இந்த முறை பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை.

கறை

அடுத்த சுற்றுக்கு அவள் ஜீப்பில்தான் போனாள். ஒப்பந்தப்படி நான் முந்தலில் போய் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நின்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பெட்டியை உடைத்து இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மூன்றாம் நாள் கதவைத் திறந்தேன். வெயில் நேராக உள்ளே விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன்.

வெள்ளைப் பெயின்டில் கறுப்புக் கை. ஒன்றல்ல. கதவின் வலது ஓரம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரே இடத்தில் கைமேல் கையாக. முதலில் விரிந்த விரல்கள், பிறகு மூடிய விரல்கள், பிறகு உள்ளங்கையின் அடிப்பாகம் மட்டும். வேறெங்கும் ஒரு பொட்டுக் கறை இல்லை. இருட்டில், ஓடுகிற வண்டியில், குனிந்து உட்கார்ந்த ஒருத்தி, தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று தேடிய இடம்.

நான் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். வெளிக் கொண்டியைக் கழற்றி, உள்ளேயிருந்து இழுத்தாலும் விடுபடும்படி ஒரு கம்பியோடு மாற்றினேன். நான்கு கொக்கிகளையும் உள்ளேயிருந்து தள்ளினால் கழலும்படி திருப்பி அடித்தேன். உள் தாழ்ப்பாளுக்குத் துளை போடும்போது அளவுகோல் எடுக்கவில்லை. கறையின் நடுவில் வைத்துத் துளைத்தேன். ஒரே தடவை. திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வி வந்து பார்த்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள், விட்டாள். தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வந்ததும் என்னிடம் சொன்னாள், "ஏறுங்க."

"எதுக்கு?"

"நான் இருந்த அளவுக்கு இருங்க. தொறக்கணும்னு தோணுனா தொறந்துக்கங்க. ஒங்களுக்குத்தான் அந்த வசதி இருக்கே."

ஏறினேன். கூரை தலைக்கு மேல் இறங்கியது. நான்கு கொக்கியும் மாட்டும் சத்தம் கேட்டது. தங்கப்பாண்டி வண்டியை எடுத்தான், அவள் கேபினில். மெட்டுக்கு ஏறுகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்தது. முதல் வளைவில் இடது பக்கம் உருண்டேன், அடுத்ததில் வலது பக்கம். என் கை தானாக அந்தக் கறையைத் தேடிப் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது. நான் இழுக்கவில்லை. எந்தெந்த நட்டு கழலும் என்ற கணக்கெல்லாம் மறந்துபோனது. இதே இருட்டில், பிடிக்க ஒன்றும் இல்லாமல் வந்தாளே என்ற ஒன்று மட்டும் வளைவுக்கு வளைவு கூட வந்தது. அந்த இரண்டு விரல் சந்தில் வெளிச்சம் போய்ப் போய் வந்தது. முகத்தை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன்.

வண்டி நின்றது. வெளியே ஒரு குரல்.

"உள்ள யாரும் இருக்காங்களா?"

செல்வியின் குரல் தகட்டுக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"இருக்காரு. எங்க வீட்டுக்காரரு."

நான் தாழ்ப்பாளை இழுத்தேன்.